டிஷ்ஷில் படம் உறைகிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

சிக்னல் போனதும் மொட்டை மாடிக்கு ஓடி டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அதை மட்டும் முதலில் செய்யாதீர்கள். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் மொத்தமே 3 டிகிரிக்குள்தான். கையால் ஒரு தட்டு தட்டினால் போதும், சின்னக் கோளாறு பெரிதாகிவிடும், அப்புறம் எது பழைய பிரச்சினை, எது நாம் சேர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ரிமோட்டை எடுத்தாலே கோளாறு எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

வீட்டு டிடிஎச் டிஷ், கேபிள் கண்ட்ரோல் ரூமின் சி பேண்ட் (3700–4200 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) டிஷ் இரண்டிலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளை இங்கே எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், பணம் பிடிக்கும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்: இரண்டு பட்டைகள்

பாக்ஸின் செட்டிங்ஸில் சிக்னல் பக்கத்தைத் திறந்தால் ஸ்ட்ரென்த், குவாலிட்டி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். ஸ்ட்ரென்த் என்பது கேபிள் வழியே வந்து சேரும் மொத்த ஆற்றல், அதில் இரைச்சலும் உண்டு, பக்கத்து மொபைல் டவரும் உண்டு. உங்கள் சேனல் எவ்வளவு சுத்தமாக வருகிறது என்பதைச் சொல்வது குவாலிட்டி மட்டும்தான்.

இரண்டுமே பூஜ்யம் என்றால் கேபிள், கனெக்டர், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கிக் கேபிளுக்குத் தரும் கருவி) பக்கம் போங்கள். ஸ்ட்ரென்த் இருக்கிறது, குவாலிட்டி பூஜ்யம் என்றால் டிஷ் நகர்ந்திருக்கிறது அல்லது ஏதோ மறைக்கிறது. ஸ்ட்ரென்த் வழக்கத்தைவிட அதிகமாக நிற்க, குவாலிட்டி மட்டும் ஏறி இறங்கினால் அது குறுக்கீடு. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், "சிக்னல் ஃபுல்லாக இருக்கிறதே, பாக்ஸ்தான் போச்சு" என்று புது பாக்ஸ் வாங்கிவிடுகிறார்கள்.

நன்றாக ஓடும் ஒரு நாளில் இந்த இரண்டு எண்களையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் 60 என்பது நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது.

## எந்தச் சேனலும் வரவில்லை, இரண்டு பட்டையும் பூஜ்யம்

பாக்ஸின் பின்னால் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி கறுத்திருந்தாலோ, வலைக்கம்பியின் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ கோளாறு அங்கேயே முடிந்தது. ஒரு அங்குலம் வெட்டிப் புதிதாக மாட்டுங்கள். திருகி மாட்டும் மலிவுக் கனெக்டர்கள் கடற்கரை ஊர்களில் சீக்கிரமே பச்சை பூத்துவிடும், அழுத்திப் பொருத்தும் வகையாகவே போடுங்கள்.

அடுத்து மாடி. பாக்ஸ் ஆன் ஆகி இருக்கும்போது எல்என்பிக்குப் போகும் கேபிள் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் 13 வோல்ட் அல்லது 18 வோல்ட் டிசி காட்ட வேண்டும்.

*வோல்ட்டே வரவில்லை:* பாக்ஸின் பின்பக்கம் நேரடியாக அளந்து பாருங்கள். அங்கே இருந்து மாடியில் இல்லை என்றால் இடையில் கேபிள் அறுந்திருக்கிறது, எலி கடித்திருக்கலாம், ஜன்னல் இடுக்கில் நசுங்கியிருக்கலாம். பாக்ஸிலேயே இல்லை என்றால் பாக்ஸ் சர்வீஸுக்குப் போக வேண்டும், திறக்காதீர்கள்.

*வோல்ட் குறைவாக வருகிறது:* கேபிளின் நடுக்கம்பியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய இரும்பு. குறைந்த தூரத்துக்குப் பரவாயில்லை, 30 மீட்டரைத் தாண்டினால் வோல்ட்டைத் தின்றுவிடும்.

*வோல்ட் சரியாக வருகிறது, சிக்னல் இல்லை:* எல்என்பி. மூடியில் விரிசல் விட்டு உள்ளே தண்ணீர் போயிருக்கும், அல்லது குளவி கூடு கட்டியிருக்கும். கூடு என்றால் சுத்தம் செய்தால் போதும். தண்ணீர் என்றால் காய வைத்து ஓட்டுவது ஒரு வாரக் கதை, மாற்றிவிடுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் இந்த வேலை எதுவும் வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்திலோ ஓட்டுக் கூரையிலோ டிஷ் இருந்தால் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள், எந்தச் சீரியலும் அதைவிட முக்கியமில்லை.

## பாதிச் சேனல் வருகிறது, பாதி வரவில்லை

வராத சேனல்களை ஒரு தாளில் எழுதி, அவை எந்த டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சில சேனல்களைச் சேர்த்து அனுப்பும் கருவி), ஹெச் முனையா (கிடைமட்ட அலை) வி முனையா (செங்குத்து அலை) என்று பாருங்கள். பாக்ஸின் மேனுவல் டியூனிங் பக்கத்தில் கிடைக்கும்.

ஹெச் மொத்தமும் போய்விட்டது என்றால் அதற்கு வேண்டிய 18 வோல்ட் போய்ச் சேரவில்லை (விக்கு 13). இதற்கு முதல் காரணம் வீட்டில் இரண்டு டிவிக்காக மாட்டிய சாதாரண ஸ்பிளிட்டர். ஒரு பாக்ஸ் 13 கேட்கும், இன்னொன்று 18 கேட்கும், எல்என்பி ஒன்றுக்குத்தான் பணியும். ஸ்பிளிட்டரைக் கழற்றி ஒரே பாக்ஸை நேராக மாட்டிப் பாருங்கள், எல்லாம் வந்துவிட்டால் இரட்டை வாய் உள்ள எல்என்பி வாங்கி ஆளுக்கொரு கேபிள் இழுப்பதுதான் வழி. மேல் அலைவரிசைகள் மட்டும் போயிருந்தால், எல்என்பியை மேல் பகுதிக்கு மாற்றும் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் போகவில்லை, மெனுவில் எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600 என்று இருக்கிறதா பாருங்கள், யாராவது அழுத்தி மாற்றியிருப்பார்கள்.

வோல்ட்டும் டோனும் சரி, ஆனால் இரண்டு முனையிலும் குவாலிட்டி மந்தமாக இருக்கிறது என்றால் எல்என்பி தன் கிளாம்பிலேயே சுழன்றிருக்கலாம். இது நம் ஊரில் கொஞ்சம் விசேஷமான பிரச்சினை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் போகப் போக எல்என்பியைத் திருக வேண்டிய கோணம் கூடிக்கொண்டே போகும். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15ஐ, அதாவது டிடி ஃப்ரீ டிஷ்ஷை எடுத்துக்கொண்டால், டெல்லிக்கும் நாகர்கோவிலுக்கும் இந்தக் கோணத்தில் 35 டிகிரி வித்தியாசம். வடநாட்டு வீடியோவைப் பார்த்து அதே மாதிரி எல்என்பியை வைத்தால் இங்கே ஹெச்சும் வியும் ஒன்றோடொன்று கலந்துவிடும். 10 டிகிரி பிசகினாலே எதிர் முனைச் சிக்னல் உங்கள் சிக்னலைவிட 15 டெசிபல் மட்டுமே கீழே நிற்கும். கிளாம்பைத் தளர்த்தி, பழைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, கீழே ஒருவரை குவாலிட்டி சொல்லச் சொல்லுங்கள். அதிகபட்சம் வரும் இடத்தில் இறுக்குங்கள். டிஷ்ஷைத் தொடக் கூடாது.

## மழை வந்தாலே போய்விடுகிறது

கொட்டும் மழையில் சில நிமிடம் போவது இயல்பு, வீட்டு டிடிஎச் வரும் கேயு பேண்ட் அப்படித்தான். தூறலுக்கே போனால் டிஷ்ஷில் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம், வெயில் நாளிலேயே குவாலிட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை அவ்வளவுதான்.

எச்டி முதலில் உறைந்து பழைய சேனல்கள் தாக்குப்பிடிப்பதற்கும் காரணம் இதுதான். செயற்கைக்கோள் டிவிக்கான டிவிபி-எஸ்2 தரநிலையில் க்யூபிஎஸ்கே 3/4 என்ற ஏற்பாட்டுக்கு, சிக்னல் இரைச்சலைவிட 4 டெசிபல் மேலே இருந்தால் படம் நிற்கும், எச்டிக்கு அதிகம் பயன்படும் நெருக்கமான ஏற்பாடுகளான 8பிஎஸ்கே 2/3க்கு 6.6, 3/4க்கு 7.9, 5/6க்கு 9.4 வேண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே கையிருப்பு எவ்வளவு என்பதுதான் மழையைத் தாங்கும் சக்தி. கண்ட்ரோல் ரூம் ரிசீவர் இந்த எண்ணை நேராகவே காட்டும். வெயில் நாளில் கோட்டுக்கு மேல் 3 டெசிபல்கூட இல்லை என்றால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள், நவம்பரில் குடை பிடித்துக்கொண்டு ஏணியில் நிற்க வேண்டாம்.

பார்க்க வேண்டியவை: எல்என்பிக்குள் நுழையும் இடத்தில் கேபிள் கீழ்நோக்கி ஒரு வளைவு போட்டிருக்கிறதா, இல்லை என்றால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு நேரே கனெக்டருக்குள் இறங்கும். கம்பம் ஆடுகிறதா, நட்டு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா. சி பேண்ட் தகரடிஷ் என்றால் அடிப்பகுதியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையிலிருந்து 93.5க்கு டிஷ் அண்ணாந்து பார்க்கும் கோணம் 68 டிகிரி, கிட்டத்தட்ட வானத்தைப் பார்த்துக் கிடக்கும், ஓட்டை அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி நிற்கும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இவ்வளவு உயரமாகப் பார்க்கும் டிஷ்ஷை எதிர்வீட்டுத் தென்னை மறைக்காது. டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயரமான மரம் 4 மீட்டருக்குள் இருந்தால்தான் பிரச்சினை. தெருமுனை மரத்தை வெட்டச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 108.2 டிகிரி மாதிரி கிழக்கே தள்ளி இருக்கும் செயற்கைக்கோள் என்றால் டிஷ் 54 டிகிரிக்குத் தாழும், அப்போது 7 மீட்டர் வரை பார்க்க வேண்டும்.

## தினமும் ஒரே நேரத்தில் போகிறது

மார்ச் நடுவிலோ செப்டம்பர் கடைசியிலோ, சில நாட்கள் மட்டும், பகலில் சில நிமிடங்கள் போய்த் தானாகத் திரும்புகிறது என்றால் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. சென்னையில் 93.5க்குக் காலை 11 மணி வாக்கில், 83க்கு நண்பகலை ஒட்டி, மேற்கே 66க்குப் பிற்பகல் 1 மணிக்கு மேல். சி பேண்ட் டிஷ்ஷில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: அந்த நேரத்தில் எல்என்பியின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழும். ஒன்றும் செய்ய வேண்டாம். வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்ற மாதங்களில், மதியம் 1 மணியிலிருந்து 4 வரை போய், வெயில் தாழ்ந்ததும் வருகிறது என்றால் எல்என்பி சூட்டில் அலைவரிசை நழுவுகிறது. ஈரத்துணியை அதன்மேல் போட்டுப் பாருங்கள், சில நிமிடங்களில் படம் வந்தால் உறுதி. அலைவரிசை எளிதில் நழுவாத பிஎல்எல் வகை எல்என்பியாக மாற்றுங்கள்.

மாலை 7 மணிக்கு மேல் மோசமாகி நள்ளிரவில் சரியாகிறது என்றால் அடுத்த இரண்டு பகுதிகளைப் படியுங்கள், ஊர் மொபைலில் இருக்கும் நேரம் அது.

## டிடிஎச்சில் குறிப்பிட்ட ஓரிரு டிரான்ஸ்பாண்டர் மட்டும், பக்கத்தில் டவர்

வைஃபையைக் குறை சொல்லாதீர்கள். எல்என்பியிலிருந்து பாக்ஸுக்குக் கேபிளில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதற்கு வெளியே. உள்ளே விழுவது 1805 முதல் 1880 வரையிலான 1800 பேண்ட் மொபைல் டவர். எல்என்பி கழித்த 9750ஐத் திரும்பக் கூட்டிப் பாருங்கள், செயற்கைக்கோள் அலைவரிசையில் 11555 முதல் 11630 வரை. மேல் பகுதியில் 10600ஐக் கூட்டினால் 12405 முதல் 12480 வரை. அடிபடும் டிரான்ஸ்பாண்டர்கள் இந்த எல்லைக்குள் இருந்தால் டவர் உங்கள் கேபிளுக்குள் கசிகிறது, டிஷ்ஷுக்கு இதில் சம்பந்தமே இல்லை.

கசிவு எங்கே? கனெக்டரில் வலைக்கம்பி சரியாகப் பிடிக்காத இடம், கேபிளை முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு, டிவிக்குப் பின்னால் கிடக்கும் மலிவு ஸ்பிளிட்டர். ஒட்டு இல்லாத ஒரே கேபிளைத் தற்காலிகமாக ஜன்னல் வழியே விட்டு பாக்ஸில் மாட்டிப் பாருங்கள். சரியானால் பழைய கேபிளை உருவிப் போட்டுவிட்டு, தகடும் வலையும் அடர்த்தியான நல்ல ஆர்ஜி-6 இழுங்கள்.

அப்படியும் போகவில்லை என்றால் சுற்றுவட்டாரத்தில் யாராவது மொபைல் சிக்னல் பூஸ்டர் வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அனுமதியில்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம், அது டிடிஎச்சை மட்டுமல்ல, தெருவில் எல்லோருடைய போனையும் கெடுக்கும். நீங்களே போய்ச் சண்டை போட வேண்டாம், தொலைத்தொடர்புத் துறைக்கு எழுதுங்கள்.

## சி பேண்ட் டிஷ்ஷில் எல்லாச் சேனலும் துண்டு துண்டாக உடைகிறது

கண்ட்ரோல் ரூம் நடத்துபவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. 2022 ஆகஸ்ட் 1 அன்று முடிந்த ஏலத்தில் 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ் வரை 5ஜிக்குக் கொடுக்கப்பட்டது. சேனல்கள் 3700 முதல் 4200 வரை. இடையில் விட்ட காப்பு இடைவெளி 30 மெகாஹெர்ட்ஸ்தான். காகிதத்தில் இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. ஆனால் நம் மாடிகளில் இருக்கும் பழைய எல்என்பிகள் 3400 முதல் 4200 வரை மொத்தத்தையும் வாய் திறந்து வாங்கும்படி செய்யப்பட்டவை. கோயில் திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கிக்கு அடியில் நின்று போன் பேசினால் எதிர்முனைக் குரல் எப்படிக் காதில் விழாதோ அப்படி, பக்கத்துத் தெரு டவரின் பலத்தில் எல்என்பி திணறி, 36,000 கி.மீ. தாண்டி வந்த சிக்னலைத் தவறவிடுகிறது.

முதலில் எது அடிபடுகிறது என்று பாருங்கள். 3700ஐ ஒட்டிய சேனல்கள் மட்டும் என்றால் விளிம்புக் கசிவு. 4100க்கு மேலுள்ளவையும் சேர்ந்து உடைந்தால் எல்என்பியே நிரம்பி வழிகிறது.

ஸ்பெக்ட்ரம் காட்டும் சாட் ஃபைண்டர் (சிக்னல் அளக்கும் கருவி) இருந்தால் சந்தேகமே வேண்டாம். சி பேண்ட் எல்என்பி 5150லிருந்து கழித்துத் தருவதால் படம் தலைகீழாக இருக்கும்: சேனல்கள் 950 முதல் 1450 வரை, 5ஜி 1480க்கு மேல். அங்கே சேனல்களைவிட உயரமாக, தட்டையாக, துடித்துக்கொண்டே ஒரு மேடு தெரிந்தால் அதுதான்.

கருவி இல்லையா? ஒரு தகரத் தட்டை டவருக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில், டிஷ்ஷின் பார்வையை மறைக்காமல் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். குவாலிட்டி ஏறினால் விடை கிடைத்துவிட்டது.

செலவு குறைந்த தீர்வும் அதே திசையில்தான் இருக்கிறது. டிஷ்ஷை மாடியிலிருந்து இறக்கித் தரையில், டவருக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் கட்டடம் வரும்படி வைத்துப் பாருங்கள். நம் ஊரில் டிஷ் அண்ணாந்து பார்ப்பதால் தரையில் வைத்தாலும் வானம் மறையாது. காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சாதகத்தை ஏன் யாரும் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இடம் இல்லை என்றால் 3700–4200 ஃபில்டர். இதில் ஏமாறாதீர்கள். எல்என்பிக்குப் பிறகு கேபிளில் மாட்டும் குட்டி ஃபில்டர் எதற்கும் உதவாது, எல்என்பி திணறிய பிறகு வடிகட்டி என்ன பயன்? ஃபீட்ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கும் குழல்) எல்என்பிக்கும் நடுவில், செவ்வக வாயில் போல்ட் போட்டு மாட்டும் உலோக ஃபில்டர்தான் வேண்டும். ரப்பர் வளையத்தை விட்டுவிடாமல் மாட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையில் தண்ணீர் உள்ளே நிற்கும். ஃபீட்ஹார்னும் எல்என்பியும் ஒன்றாக வார்த்த வகையில் இதை மாட்டவே முடியாது, அதற்கு ஃபில்டர் உள்ளேயே இருக்கும் 5ஜி எல்என்பி தனியாக வருகிறது. வாங்கும்போது 3670இல் எத்தனை டெசிபல் வெட்டும் என்று கேளுங்கள். 3600இல் நன்றாக வெட்டி 3670இல் கோட்டை விடுபவையும் விற்கிறார்கள்.

ஃபில்டர் தானும் கொஞ்சம் சிக்னலைச் சாப்பிடும், ஒன்று ஒன்றரை டெசிபல் குறையலாம். 6 அடி டிஷ்ஷில் அந்தக் கையிருப்பு இல்லை என்றால் 8 அடி, 10 அடிக்குப் போக வேண்டியதுதான், பெரிய செலவு இதுதான். அதற்கு முன்னால் கருவியோடு ஒரு ஹெட்எண்ட் (கண்ட்ரோல் ரூம்) இன்ஜினியரை வரவழைத்து அளந்துவிடுங்கள்.

## குவாலிட்டி ஒழுங்காக இல்லை, டவரும் இல்லை, வெயிலும் இல்லை

பக்கத்துச் செயற்கைக்கோள். 91.5 டிகிரியில் மீசாட், 93.5இல் இந்தியச் செயற்கைக்கோள்கள், நடுவில் 2 டிகிரிதான், இரண்டிலும் சி பேண்ட் உண்டு. 6 அடி சி பேண்ட் டிஷ்ஷின் பார்வை அகலமே 3 டிகிரிக்குக் கிட்ட வரும், அரை டிகிரி அந்தப் பக்கம் சாய்ந்தாலும் பக்கத்து வீட்டுச் சத்தம் உள்ளே வந்துவிடும்.

இதற்கு வரம்பு இல்லாமல் இல்லை. புதிய செயற்கைக்கோளால் பழையதன் இரைச்சல் வெப்பநிலை (இரைச்சலை அளக்கும் ஒரு அளவு) 6 சதவீதத்துக்கு மேல் கூடும் என்றால் இரு தரப்பும் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியூ) விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணக்கு முழுக்க உங்கள் டிஷ் உருக்குலையாமல், குறி தப்பாமல் இருக்கிறது என்று வைத்துப் போட்டது. டிஷ்ஷின் விளிம்பில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூலைக் கட்டுங்கள், நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் டிஷ் கோணியிருக்கிறது, குரங்கு ஏறிய டிஷ்ஷெல்லாம் இப்படித்தான். வளைத்து நிமிர்த்த முயலாதீர்கள், மாற்றுங்கள். நூல் சரியாக இருந்தால் மட்டும், இப்போதுதான், ஸ்பேனரை எடுத்து டிஷ்ஷைத் திருத்தலாம், அதையும் கருவி வைத்திருப்பவர் செய்வது நல்லது.

## ஊரெங்கும் ஒரே நேரத்தில் போய்விட்டது

வேறு மாவட்டத்தில் இருக்கும் தெரிந்தவருக்கு ஒரு போன் போடுங்கள். அவருக்கும் இல்லை என்றால் டிஷ்ஷிலிருந்து கையை எடுங்கள். சேனலைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் அப்லிங்க் நிலையத்தில் பெருமழையாக இருக்கலாம், யாராவது தவறுதலாக அதே டிரான்ஸ்பாண்டரில் மேலே அனுப்பலாம், செயற்கைக்கோளே பழுதாகலாம். 2010 ஜூலையில் இன்சாட்-4பியில் மின்சாரக் கோளாறு வந்து பாதி டிரான்ஸ்பாண்டர்களை அணைத்தபோது சன் டைரக்ட் சேனல்கள் பல நின்றன, அப்புறம் சேவை மீசாட்-3க்கு மாறியது. இம்மாதிரி நேரத்தில் அறிவிப்பு வரும் முன் டிஷ்ஷைத் திருப்பியவர்களுக்கு இரட்டை வேலை.

ஒரே ஒரு சேனல் குழுமம் மட்டும் மாநிலம் முழுக்கப் போகிறது என்றால் அந்தச் சேனலின் விநியோகப் பொறியாளருக்குச் சொல்லுங்கள், அவர்கள் செயற்கைக்கோள் நிறுவனத்துக்குச் சொல்வார்கள். மேலே ஏறும் குறுக்கீட்டைத் தேடிப்பிடிக்க மகாராஷ்டிராவின் ஜால்னாவில் அரசின் செயற்கைக்கோள் கண்காணிப்பு நிலையமே இருக்கிறது.

உள்ளூர்க் குறுக்கீடு, ஃபில்டர் போட்டும் தீரவில்லை என்றால் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை அனுமதிகளைக் கவனிக்கும் டபிள்யூபிசி பிரிவுக்கும் வயர்லெஸ் மானிட்டரிங் ஆர்கனைசேஷனுக்கும் எழுதலாம். "சேனல் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் யாரும் நகர மாட்டார்கள். டிஷ் இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, எந்தச் செயற்கைக்கோள், எந்த அலைவரிசை, ஹெச்சா வியா, எந்த நாளில் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, டவர் எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில், எல்என்பி மாடல், ஃபில்டர் மாட்டியது எப்போது, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்பெக்ட்ரம் படம் இரண்டு. இவ்வளவையும் சேர்த்து அனுப்புங்கள், நகலைக் கண்ட்ரோல் ரூம் ஃபைலில் வையுங்கள்.